எல்மர் கீத்

எல்மர் மெரிஃபீல்ட் கீத் (மார்ச் 8, 1899 – பெப்ரவரி 14, 1984) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வல்லுநர், எழுத்தாளர், வேட்டை வழிகாட்டி, மாட்டுப் பண்ணையாளர் ஆவார். சுழல் துப்பாக்கிகளுக்கான தோட்டாக்களைக் கையால் நிரப்பும் கலையைத் துல்லியமான ஒரு தொழில்நுட்பமாக வளர்த்தவர்களுள் இவர் முதன்மையானவர். இவர் வடிவமைத்த வார்ப்பு ஈயக் குண்டு கீத் குண்டு என்று இவர் பெயராலேயே அறியப்படுகிறது. .357 மேக்னம் (1935), .44 மேக்னம் (1955), .41 மேக்னம் (1964) ஆகிய மூன்று தோட்டாக்களின் தோற்றத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. பொறியியல் கல்வி எதுவும் பெறாத ஒரு பண்ணைத் தொழிலாளியின் சோதனைகள், பெரும் தொழிற்சாலைகளின் உற்பத்தியையே மாற்றியமைத்தன என்பது இவரது வாழ்வின் சிறப்பாகும்.

பிறப்பும் இளமையும்

கீத் மிசூரி மாநிலத்தின் ஹார்டின் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது குடும்பம் பின்னர் மேற்கே மொன்ட்டானா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் மொன்ட்டானாவில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முதியவர்களும், எல்லைப்புற வாழ்வை நேரில் கண்டவர்களும் உயிருடன் இருந்தனர். சிறுவனான கீத் அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தார். சுழல் துப்பாக்கியைப் பிடிக்கும் முறை, கருமருந்தை அளந்து இடும் முறை, ஈயக் குண்டு வார்க்கும் முறை ஆகியவற்றை நூல்களில் இருந்தன்றி இத்தகைய மனிதர்களிடமிருந்தே முதலில் கற்றுக்கொண்டார்.

இவருக்கு ஏறத்தாழ 12 வயதாக இருந்தபோது மொன்ட்டானாவின் மிசூலா நகரில் குடும்பத்தினர் தங்கியிருந்த விடுதி தீப்பற்றி எரிந்தது. இதில் கீத் மிகக் கடுமையான தீக்காயங்களுக்கு உள்ளானார். அவர் பிழைக்க மாட்டார் என்றே பலரும் கருதினர். உயிர் பிழைத்தபோதும் உடலெங்கும் தழும்புகள் நிலைத்துவிட்டன. இடக்கை வளைந்து இறுகிப் பயன்படாத நிலையை அடைந்தது. பின்னர் அக்கையின் விரல்கள் வீட்டிலேயே வலிய முறித்து நேராக்கப்பட்டன. நீண்ட நாள் வலியைத் தாங்கி, குதிரை ஏறவும் கயிறு வீசவும் துப்பாக்கி பிடிக்கவும் தகுந்த அளவுக்கு அக்கையை அவர் பழக்கிக்கொண்டார். அவரது பிற்கால விடாமுயற்சிக்கும் பிடிவாதத்திற்கும் இந்நிகழ்வே அடிப்படை என்று அவரைப் பற்றி எழுதியோர் பலர் கருதுகின்றனர்.

இளமையில் மாடு மேய்த்தல், முரட்டுக் குதிரைகளைப் பழக்குதல் போன்ற வேலைகளைச் செய்தார். 1920களில் ஐடஹோ தேசியக் காவற்படை அணியில் இடம்பெற்று, ஒகையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடைபெற்ற தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொண்டார். 1926 ஆம் ஆண்டில் லொரேன் ராண்டல் என்பவரை மணந்தார்.

கையால் தோட்டா நிரப்புதல்

கீத்தின் பணியைப் புரிந்துகொள்ளத் தோட்டாவின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. அவை பித்தளை உறை, அதன் அடியில் உள்ள பிரைமர் எனப்படும் தீப்பொறி மூடி, உறைக்குள் இடப்படும் வெடிமருந்து, உறையின் வாயில் பொருத்தப்படும் குண்டு என்பனவாம். சுட்டபின் மூன்று உறுப்புகள் அழிந்துவிடும் அல்லது சிதறிவிடும். பித்தளை உறை மட்டும் எஞ்சும். தோட்டாவின் விலையில் பெரும்பகுதி இந்த உறையினுடையதே. எனவே உறையைத் தூய்மை செய்து, உரிய அளவுக்கு மீண்டும் சுருக்கி, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மறுபடி பயன்படுத்தும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது.

சிக்கனமே இதன் முதல் நோக்கம். ஆனால் இலக்கு சுடுவோர் வேறொரு பயனையும் கண்டனர். தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளின் குழல்களும் அறைகளும் கூட நுண்ணிய அளவில் வேறுபடும். தன் துப்பாக்கியின் அளவை அறிந்து, அதற்குப் பொருந்தும் குண்டையும் மருந்தளவையும் தேர்ந்து நிரப்புபவர், தொழிற்சாலைத் தோட்டாவால் பெற இயலாத துல்லியத்தைப் பெறலாம்.

துல்லியத்தின் அடிப்படை ஒரே சீர்மை ஆகும். ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்தின் நிறை, குண்டின் நிறை, குண்டு உறைக்குள் அமரும் ஆழம், உறையின் வாய் குண்டை இறுகப் பிடிக்கும் அழுத்தம் ஆகியவை மாறாதிருந்தால் குண்டுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெளியேறும். இலக்கில் நெருக்கமாக விழும். வார்ப்புக் குண்டுகளில் குண்டின் அடித்தளம் குறையின்றி இருத்தல் மிக இன்றியமையாதது. குழலை விட்டு இறுதியாக வெளியேறும் பகுதி அதுவே. அடித்தளத்தின் விளிம்பு ஒருபுறம் சிதைந்திருந்தால், பின்னிருந்து தள்ளும் வளிமம் அப்பக்கம் முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். இதனால் கீத் தாம் வார்த்த குண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, குறையுள்ளவற்றை மீண்டும் உருக்குகலத்தில் இட்டுவிடுமாறு வலியுறுத்தினார். வலுவான தோட்டாக்களுக்கு 16 பங்கு ஈயத்திற்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவையை அவர் விரும்பினார். தூய ஈயம் மிக மென்மையானது. வேகம் கூடும்போது அது குழலின் புரிகளில் வழுக்கி, அங்கே ஈயப் படிவை உண்டாக்கும்.

1925 ஆம் ஆண்டு வெடிப்பு

கீத் முதலில் பயன்படுத்தியது .45 கோல்ட் தோட்டாவுக்கான பழைய வகைச் சுழல் துப்பாக்கி ஆகும். 1925 ஆம் ஆண்டு சூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளைக் கொண்டாடுமுகமாக அவர் அதனைச் சுட்டபோது துப்பாக்கி கையிலேயே வெடித்தது. நீள்துப்பாக்கிக்குரிய எடை மிகுந்த குண்டின் விட்டத்தைக் குறைத்து, கருமருந்தை நெருக்கி நிரப்பிய தோட்டா அது. துப்பாக்கி உருளையின் மேற்பகுதியும் அதன் மீதிருந்த எஃகுப் பட்டையும் பிய்ந்து போயின. கீத்துக்குப் பெரிய காயம் ஏற்படவில்லை.

இந்நிகழ்வை மறைக்காமல் அவர் அமெரிக்கன் ரைஃபிள்மன் இதழுக்கு எழுதி அனுப்பினார். அவரது எழுத்துப் பணியின் தொடக்கங்களுள் அக்கட்டுரை ஒன்றாகும். அதனினும் முக்கியமானது அவர் கண்டறிந்த காரணம். ஒரே வெளிவிட்டம் கொண்ட உருளையில் ஆறு அறைகளைத் துளைக்கும்போது, தோட்டாவின் விட்டம் கூடக் கூட அறைகளின் சுவர் மெலிகிறது. .45 கோல்ட் தோட்டா அகன்றது. ஆதலால் அதற்கான அறைச் சுவர் மெல்லியது. .44 ஸ்பெஷல் தோட்டா சற்றே ஒடுங்கியது. அதே உருளையில் அதற்கான அறைச் சுவர் தடித்திருக்கும். எனவே கூடுதல் அழுத்தத்தை அது பாதுகாப்பாகத் தாங்கும். இதன்பின் கீத் .45 ஐக் கைவிட்டு, அடுத்த முப்பது ஆண்டுகள் .44 ஸ்பெஷல் தோட்டாவைச் செம்மை செய்வதில் ஈடுபட்டார்.

கீத் குண்டு

.44 ஸ்பெஷல் 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. துல்லியத்திற்குப் பெயர் பெற்றிருந்தாலும், தொழிற்சாலைகள் அதனை மிகக் குறைந்த வேகத்திலேயே நிரப்பி விற்றன. அதன் குண்டு உருண்டை முனை கொண்டது. இத்தகைய குண்டு இலக்குத் தாளில் கிழிந்த ஒழுங்கற்ற துளையை உண்டாக்கும். மதிப்பெண் கணிப்பதில் ஐயம் எழும். மறுபுறம், இலக்கு சுடுவோருக்கென இருந்த முற்றிலும் தட்டையான உருளை வடிவக் குண்டு தாளைத் தெளிவாக வெட்டினாலும் தொலைவு கூடும்போது நிலை தடுமாறியது.

1920களின் இறுதியில் கீத் இவ்விரண்டின் நன்மைகளையும் இணைத்து ஒரு குண்டை வடிவமைத்தார். லைமன் நிறுவனம் அதற்கான வார்ப்பு அச்சை 429421 என்ற எண்ணில் வெளியிட்டது. இக்குண்டின் நிறை ஏறத்தாழ 250 கிரெய்ன் (16 கிராம்). இதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

குண்டின் முனை தட்டையானது. அதன் பின் குண்டு படிப்படியாக அகன்று, திடீரெனக் கூர்மையான தோள்பட்டை விளிம்பில் முழு விட்டத்தை அடைகிறது. தாளில் வட்டமான தெளிவான துளையை வெட்டுவது இத்தோள்பட்டையே.

குண்டின் உடலில் முழு விட்டம் கொண்ட மூன்று அகன்ற பட்டைகள் உள்ளன. முன்பட்டை உறையின் வாய்க்கு வெளியே நீண்டு உருளையின் தொண்டையில் பொருந்துகிறது. இதனால் குண்டு குழலின் மையத்தோடு நேராக நிற்கிறது என்பது கீத்தின் விளக்கம்.

பட்டைகளுக்கு இடையே ஆழமான, சதுர அடி கொண்ட மசகுப் பள்ளம் உள்ளது. போதிய மசகு இருந்தால் ஈயம் குழலில் படிவது குறையும்.

உறையின் வாயை மடித்து இறுக்குவதற்கெனச் சாய்ந்த தனிப் பள்ளம் உள்ளது. சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியால் பிற அறைகளில் உள்ள குண்டுகள் முன்நோக்கி நகர்ந்து உருளையைச் சிக்கவைக்காதிருக்க இம்மடிப்பு உதவுகிறது.

இதே அமைப்பை .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கும் (358429) .45 கோல்ட் தோட்டாவுக்கும் (454424) கீத் வடிவமைத்தார். பிற்காலத்தில் பல நிறுவனங்கள் பட்டைகளை ஒடுக்கியும் பள்ளங்களை வளைத்தும் மாற்று அச்சுகளைச் செய்து அவற்றையும் கீத் குண்டு என்றே விற்றன. தம் வடிவத்தை அச்சு செய்வோர் மாற்றுவதைக் குறித்து அவர் இறுதிவரை குறைகூறி வந்தார்.

ஐந்தாம் எண் துப்பாக்கி

1928 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹரல்ட் கிராஃப்ட் என்ற துப்பாக்கி ஆர்வலர், ஒரிகன் மாநிலத்தின் டர்க்கீ என்னும் இடத்தில் வாழ்ந்த கீத்தைத் தேடி வந்தார். கீத் எழுதிய நெடுந்தொலைவுச் சுடல்கள் உண்மைதானா என்று நேரில் காண்பதே அவரது நோக்கம். தம்முடன் சில மாற்றியமைக்கப்பட்ட சுழல் துப்பாக்கிகளையும் கொண்டுவந்தார். இருவரும் பல நூறு கெஜத் தொலைவில் இலக்குகளைச் சுட்டுச் சோதித்தனர். ஐயத்துடன் வந்த கிராஃப்ட் நண்பராகத் திரும்பினார்.

இருவரது கருத்துகளையும் ஒன்றிணைத்து ஒரு .44 ஸ்பெஷல் துப்பாக்கி உருவாக்கப்பட்டது. கிராஃப்ட்டின் முந்தைய துப்பாக்கிகள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிடப்பட்டிருந்தமையால் இது ஐந்தாம் எண் எனப்பட்டது. கோல்ட் நிறுவனத்தின் இருவேறு வகைத் துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து அமைத்த பிடி, வலுப்படுத்தப்பட்ட மேற்பட்டை, திருகாணியால் நகர்த்தக்கூடிய பின்குறி ஆகியவை இதன் சிறப்புகள். 1929 ஆம் ஆண்டில் அமெரிக்கன் ரைஃபிள்மன் இதழில் கீத் இதனை விரிவாக எழுதினார்.

மேக்னம் தோட்டாக்கள்

1930 ஆம் ஆண்டில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் .44 அளவுச் சட்டகத்தில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடும் வலுவான துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. கீத் தமது கனமான குண்டைக் கொண்டு அதில் மிக உயர்ந்த வேகங்களை எட்டினார். பிலிப் ஷார்ப் என்ற எழுத்தாளரும் இத்துறையில் சோதனைகள் செய்தார். இவற்றின் விளைவாக ஸ்மித் அண்ட் வெஸன், வின்செஸ்டர் ஆகிய நிறுவனங்கள் 1935 ஆம் ஆண்டில் .357 மேக்னம் தோட்டாவை அறிமுகப்படுத்தின. இதன் முதன்மை உருவாக்குநர்களாக டக்ளஸ் வெஸனும் ஷார்ப்பும் குறிப்பிடப்படுகின்றனர். கீத்தின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் .44 மேக்னம் கீத்தின் நீண்ட கால வேண்டுகோளின் பயன் என்பதில் ஐயமில்லை. 250 கிரெய்ன் குண்டை நொடிக்கு 1,200 அடி (சுமார் 366 மீட்டர்) வேகத்தில் செலுத்தும் .44 தோட்டாவைத் தொழிற்சாலைகள் செய்து தர வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்காக எழுதினார். பழைய துப்பாக்கிகளில் அத்தகைய தோட்டா நுழைந்தால் அவை வெடிக்கக்கூடும் என்று நிறுவனங்கள் அஞ்சின. இதற்குத் தீர்வாக உறையின் நீளம் ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் கூட்டப்பட்டது. நீண்ட உறை .44 ஸ்பெஷல் அறைக்குள் முழுமையாக அமராது. ஆகவே தவறு நேர வழியில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் தலைவர் கார்ல் ஹெல்ஸ்ட்ரோம் இதற்கு இசைந்தார். ரெமிங்டன் நிறுவனம் தோட்டாவைச் செய்தது. முதல் துப்பாக்கி 1955 ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் முழுமை பெற்றது. வெளிவந்த தோட்டா கீத் கேட்டதைவிடவும் வலுவானதாக இருந்தது. இத்துப்பாக்கி பின்னர் மாடல் 29 என்று பெயர் பெற்றது. 1971 ஆம் ஆண்டில் வெளியான டர்ட்டி ஹாரி திரைப்படம் இதனை உலகெங்கும் அறியச் செய்தது.

1964 ஆம் ஆண்டில் வெளியான .41 மேக்னம் தோட்டாவுக்காகக் கீத்துடன் பில் ஜோர்டன், ஸ்கீட்டர் ஸ்கெல்ட்டன் ஆகியோரும் வாதிட்டனர். காவல்துறையினருக்கு ஏற்றதாகக் கருதப்பட்ட இது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

நெடுந்தொலைவுச் சுடலும் சர்ச்சையும்

கைத்துப்பாக்கி அண்மைத் தொலைவுக்கு மட்டுமே உரியது என்ற பொதுக் கருத்தைக் கீத் ஏற்கவில்லை. துல்லியமான தோட்டாவும் பயிற்சியும் இருந்தால் பல நூறு கெஜத் தொலைவிலும் சுடலாம் என்றார். தொலைவு கூடும்போது குண்டு கூடுதலாகக் கீழிறங்கும். அதனை ஈடுசெய்ய இலக்குக்கு மேலே வெற்றிடத்தைக் குறிவைப்பது பொது வழக்கம். கீத் மாறாக, முன்குறியைப் பின்குறியின் பிளவுக்கு மேலே தேவையான அளவு உயர்த்தி, இலக்கை அதன் உச்சியில் நிறுத்தினார். எவ்வளவு உயர்த்துவது என்பதை அளக்க முன்குறியில் மெல்லிய தங்கக் கோடுகளைப் பதித்துக்கொண்டார். இம்முறையில் இலக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

நண்பர் ஒருவரின் நீள்துப்பாக்கியால் காயமுற்றுத் தப்பி ஓடிய மானை, சுமார் 600 கெஜத் தொலைவில் .44 மேக்னம் சுழல் துப்பாக்கியால் சுட்டதாக அவர் எழுதியது பெரும் சர்ச்சையை எழுப்பியது. பலர் அவரைப் பொய்யர் என்றனர். உடனிருந்தவர் நிகழ்வை உறுதி செய்தார். காயமுறாத விலங்கை அத்தொலைவில் தாம் சுட்டிருக்க மாட்டார் என்றும், வீணாகத் துன்புறும் விலங்கை முடிக்கவே முயன்றதாகவும் கீத் விளக்கினார். இக்குற்றச்சாட்டு அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது.

நீள்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை கனமான, பெரிய விட்டம் கொண்ட குண்டுகளையே கீத் ஆதரித்தார். இலேசான, மிகு வேகக் குண்டுகளை ஆதரித்த அவுட்டோர் லைஃப் இதழின் எழுத்தாளர் ஜாக் ஓ'கானருடன் அவருக்கிருந்த கருத்து மோதல் புகழ்பெற்றது. சார்லி ஓ'நீல், டான் ஹாப்கின்ஸ் ஆகியோருடன் இணைந்து .333 ஓகேஹெச் உள்ளிட்ட தோட்டாக்களையும் உருவாக்கினார்.

தொழிலும் எழுத்தும்

1930களில் கீத் ஐடஹோ மாநிலத்தின் சால்மன் ஆற்றுப் பகுதியில் பண்ணை நடத்தியவாறே வேட்டைக் குழுக்களுக்கு வழிகாட்டியாகவும் பணிபுரிந்தார். பகலில் பண்ணை வேலை, இரவில் எழுத்து என்பது அவரது வாழ்க்கை முறையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலத்தின் ஆக்டன் படைக்கலச் சாலையில் ஆய்வாளராகப் பணியாற்றினார். அங்கு அவர் ஏற்ற நீள்துப்பாக்கிகளில் ஓ.ஜி.இ.கே. என்ற முத்திரை பதிக்கப்பட்டது. ஆக்டன் நகரையும் எல்மர் கீத் பெயரையும் குறிக்கும் இம்முத்திரை கொண்ட துப்பாக்கிகளைச் சேகரிப்போர் விரும்பித் தேடுகின்றனர்.

பிற்காலத்தில் கன்ஸ், கன்ஸ் அண்ட் ஆம்மோ ஆகிய இதழ்களில் தொடர்ந்து எழுதினார். வாசகர் கடிதங்களுக்கு விடையளிப்பதில் மிகுந்த நேரம் செலவிட்டார். குட்டையான உருவம், மிகப் பெரிய தொப்பி, வாயில் சுருட்டு என்பன அவரது அடையாளங்கள். 1973 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிறந்த அமெரிக்கக் கைத்துப்பாக்கியாளர் விருதை முதலில் பெற்றவர் இவரே.

முக்கிய நூல்கள்

சிக்ஸ்கன் கார்ட்ரிட்ஜஸ் அண்ட் லோட்ஸ் (1936)
பிக் கேம் ரைஃபிள்ஸ் அண்ட் கார்ட்ரிட்ஜஸ் (1936)
ஷாட்கன்ஸ் பை கீத் (1950)
சிக்ஸ்கன்ஸ் பை கீத் (1955)
சஃபாரி (1968)
ஹெல், ஐ வாஸ் தேர்! (தன்வரலாறு, 1979)

இறுதிக் காலம்

1981 ஆம் ஆண்டில் கீத் பக்கவாதத்தால் தாக்குண்டார். அதன்பின் அவரால் எழுத இயலவில்லை. 1984 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 அன்று தமது 84 ஆம் வயதில் ஐடஹோவின் பொய்சி நகரில் காலமானார். அவரது துப்பாக்கிகள் பின்னர் அந்நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 2015 ஆம் ஆண்டில் ஐந்தாம் எண் துப்பாக்கி உட்பட அவரது சேகரிப்பு ஏலத்தில் விற்கப்பட்டது.

தாக்கம்

கீத் பரிந்துரைத்த மருந்தளவுகள் அவர் காலத்து உறைகளுக்கும் மருந்துகளுக்கும் உரியவை. பழைய உறைகளின் அடிப்பகுதி மெல்லியது, உட்கொள்ளளவு மிகுதி. பின்னர் வந்த தடித்த அடி கொண்ட உறைகளில் அதே மருந்தளவு கூடுதல் அழுத்தத்தை உண்டாக்கும். இதனைக் கண்ட கீத்தே தம் அளவுகளைக் குறைத்து வெளியிட்டார். அழுத்தத்தை அளக்கும் கருவிகள் அவரிடம் இருக்கவில்லை. உறையின் நிலையையும் பிரைமரின் தோற்றத்தையும் பார்த்தே அவர் முடிவு செய்தார். ஆகவே அவரது பழைய நூல்களின் அளவுகளை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது என்றும், சோதனைச்சாலைகளில் அழுத்தம் அளந்து வெளியிடப்படும் கையேடுகளையே பின்பற்ற வேண்டும் என்றும் வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர்.

மருந்தளவுகள் பழமையாகிவிட்டாலும் அவரது குண்டின் வடிவம் பழமையாகவில்லை. தட்டை முனையும் கூர்த்த தோள்பட்டையும் கொண்ட வார்ப்புக் குண்டுகள் இலக்கு சுடுவோராலும் வேட்டையாடுவோராலும் தொடர்ந்து பயன்படுத்தப்படுகின்றன. தன் துப்பாக்கி கையில் வெடித்ததை மறைக்காது எழுதி, அதன் காரணத்தைத் தேடி, அதிலிருந்தே புதிய தோட்டாவுக்கு வழி கண்டமை அவரது பணியில் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்க பகுதியாகும்.